காய்ச்சல் விட்ட பிறகு

மூன்று நாள் நெருப்பாகக் கொதித்த பிள்ளைக்கு நாலாம் நாள் விடியலில் உடம்பு குளிர்ந்தால் எந்தத் தாயும் கையெடுத்துக் கும்பிடத்தான் செய்வாள். “காய்ச்சல் விட்டுருச்சு” என்று பக்கத்துக் காம்பராவுக்குக் குரல் கொடுப்பாள். கொத்தமல்லித் தண்ணி காய்ச்சியதும், மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்ததும் வீண்போகவில்லை என்று மனம் ஆறி, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு நேரமாகிறதே என்று கூடையை எடுப்பாள். வந்திருப்பது டெங்கு என்றால், அவள் பயப்பட வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது.

டெங்கு வைரஸ் உடம்பில் பெருகும் நாட்களில் காய்ச்சல் அடிக்கிறது. அது இறங்கும் வேளையில் சில பிள்ளைகளுக்கு இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறி நெஞ்சறையிலும் வயிற்றிலும் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் கெட்டியாகிறது, நாடித்துடிப்பு மெலிகிறது, கை கால் சில்லிடுகிறது. இந்தக் கசிவு 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை நீடிக்கும். பிறகு தானாகவே நின்றுவிடும். அந்த இரண்டு நாளைக் கடக்க வைப்பதுதான் வைத்தியம். வைரஸைக் கொல்ல இன்றுவரை மருந்து இல்லை. இன்னொரு விஷயம், அதிர்ச்சி நிலைக்குப் போகிற பிள்ளைகூட பெரும்பாலும் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும். கேட்டதற்குப் பதில் சொல்லும். “நல்லாத்தானே இருக்கு” என்று பெற்றவர்கள் ஏமாந்துபோவது அதனால்தான்.

பதுளைக்கு மேலேயுள்ள ஸ்பிரிங்வெளி போன்ற தேயிலைத் தோட்டத்தில் இந்த ஏமாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறும் பாதை தோட்டங்களுக்குள் புகுந்து நமுனுகுல மலைச் சரிவுகளுக்குப் போகிறது. அந்த மலையின் உச்சி 2,036 மீட்டர். குளிர்ந்த மலையில் டெங்கு ஏது என்ற எண்ணம் தோட்டத்தில் இன்னும் இருக்கிறது. உயரம் கூடக் கூட நுளம்பு குறைவது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் கீழே டவுனுக்குப் போய் வருகிறார்கள். டெங்கு நுளம்பு கடிப்பதோ பகலில். அப்பாமார் பலர் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் அவர்கள் வீடு வரும்போது வைரஸும் சேர்ந்து வரலாம். அப்புறம் இங்குள்ள நுளம்பு அதைப் பரப்பினால் போதும்.

காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் ஓர் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை இலங்கையில் இன்று சின்னப் பிள்ளையும் சொல்லும். எஃப்.பி.சி. என்ற அதன் மூன்றெழுத்துப் பெயர் தோட்டத்துப் பேச்சில் கலந்துவிட்டது. பிளேட்லட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் வார்டில் சேர்க்கச் சொல்வார்கள். அதுவரை கொடுக்கக்கூடிய ஒரே மாத்திரை பரசிற்றமோல். வேறு வலி மாத்திரைகளும் அஸ்பிரினும் இரத்தக்கசிவைத் தூண்டும் என்பதால் தொடவே கூடாது. கடையில் “காய்ச்சலுக்கு ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்கி விழுங்க வைக்கும் பழக்கத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதைத் தோட்டத்து மருத்துவ உதவியாளர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சொல்வதைக் கேட்டாலும் போய்ச்சேர வழி வேண்டுமே.

தோட்டத்துத் தொழிலாளியின் நோய்க்குத் தோட்டமே பொறுப்பு என்பது பழைய ஏற்பாடு. 1912இல் ஆங்கிலேய அரசு மருத்துவத் தேவைகளுக்கு ஒன்று, தொழிலாளர் நோய்களுக்கு ஒன்று என இரண்டு சட்டங்கள் கொண்டுவந்து அந்தப் பொறுப்பைத் துரைமார் தலையில் வைத்தது. கருணையைவிட, ஆள் செத்தால் வேலை நிற்கும் என்ற கணக்கே அதில் பெரிதாக இருந்தது என்பது என் எண்ணம். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, தோட்ட ஆஸ்பத்திரிகளில் சில அரசின் கைக்கு வந்தன, மற்றவை டிஸ்பென்சரியாகவே தேங்கின. நோய் கொஞ்சம் கடுமை என்றால் டவுனுக்குத்தான் இறங்க வேண்டும். கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றிப்போன காலத்தைப் பார்த்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். இப்போது 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். இந்திய நிதியுதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த இலவச சேவை பிறகு நாடு முழுவதும் விரிந்தது. மலையகத்துக்குக் கிடைத்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் மேல் டிவிஷனின் கடைசி லயம் வரை வண்டி ஏறுமா என்பது பாதையைப் பொறுத்தது. மழை நாளில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடி வந்துதான் வண்டி ஏற வேண்டும்.

பாதையும் எரிபொருளும் ஒரு குழந்தையின் உயிரைத் தீர்மானித்த கதை இதே பதுளை மாவட்டத்தில் நடந்திருக்கிறது. 2022இல் பெட்ரோல் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருந்த நாட்கள். ஹல்தும்முல்லையில் பிறந்து இரண்டே நாளான குழந்தைக்கு உடம்பில் மஞ்சள் படர்ந்தது, பால் குடிக்க மறுத்தது. தகப்பன் ஓட்டோவுக்குப் பெட்ரோல் தேடி அலைந்தார். ஒருவழியாக ஹல்தும்முல்லை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தியத்தலாவைக்கு அனுப்பப்பட்டபோது நேரம் கடந்துவிட்டது. பிரேத பரிசோதனை செய்த சட்ட வைத்திய அதிகாரி மனம் பொறுக்காமல் அதைச் சமூக ஊடகத்தில் எழுதினார். அதன் பிறகுதான் நாடு அறிந்தது. மஞ்சள் காமாலைக்கு நீல ஒளியில் கிடத்தி வைக்கும் எளிய சிகிச்சை உண்டு. அது இருக்கும் இடத்துக்குப் பிள்ளையை நேரத்தோடு கொண்டுசேர்க்க முடியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது பாதைகளும் ரயில் தண்டவாளமும் அறுந்துபோயின; மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அந்த நாட்களில் காய்ச்சலோடு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மண் சரிந்த பாதையைப் பார்த்திருந்த தாய்மாரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

சரி, பிள்ளை பதுளை போதனா வைத்தியசாலையின் சிறுவர் வார்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டில் கிடைத்தாயிற்று, கையில் ஊசி குத்தி சேலைன் ஏற்றியாயிற்று. இனி டொக்டர் பார்த்துக்கொள்வார் என்று தாய் மூச்சு விடுவாள். அப்போது வார்டுத் தாதியான மிஸ் ஒரு தாளையும் பேனையையும் ஓர் அளவுக் கோப்பையையும் அவள் கையில் கொடுப்பார். பிள்ளை என்ன குடித்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு. சிறுநீர் எத்தனை மணிக்கு, எவ்வளவு. எல்லாவற்றையும் அளந்து எழுத வேண்டும்.

இந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் டெங்கு வைத்தியத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஆறேழு வயது, இருபது கிலோ எடை உள்ள பிள்ளை என்று எடுத்துக்கொண்டால், சாதாரணமாக ஒரு நாளைக்கு வேண்டிய நீர் 1,500 மில்லிலீட்டர். கசிவை ஈடுகட்ட உடல் எடையில் ஐந்து வீதம், அதாவது இன்னொரு 1,000. ஆக 2,500 மில்லிலீட்டர். இலங்கை டொக்டர்கள் பின்பற்றும் வழிகாட்டலின்படி, கசிவு நடக்கும் 48 மணி நேரம் முழுவதற்கும் சேர்த்து அவ்வளவுதான். சேலைன், ஜீவனி, கஞ்சி, பால், தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரவேண்டும். பிள்ளையின் நாடியையும் இரத்தத்தின் கெட்டித்தன்மையையும் பார்த்து, எந்த மணியில் கூட்டுவது, எதில் குறைப்பது என்று டொக்டர் முடிவெடுப்பார்.

குறைந்தால் பிள்ளை அதிர்ச்சிக்குப் போகும். கூடினாலும் ஆபத்துதான். கசியும் குழாய்க்குள் மேலும் மேலும் நீரை ஊற்றினால் அது நெஞ்சில் சேர்ந்து மூச்சை முட்டும். டெங்கில் இறந்த பிள்ளைகளில் பலர் நீர் போதாமல் இறந்தவர்கள் அல்லர், நீர் மிஞ்சி இறந்தவர்கள். “தாகமா இருக்கும்மா” என்று பிள்ளை அழும்போது ஒரு கோப்பை அதிகம் கொடுக்காமல் இருப்பது எந்தத் தாய்க்கு எளிது? வீட்டில் காய்ச்சல் என்றால் “நெறைய தண்ணி குடி” என்று சொல்லி வளர்ந்தவள் அவள். இங்கே நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு மில்லிலீட்டர் எண்ண வேண்டும்.

சிறுநீர்க் கணக்கு இன்னும் நுணுக்கமானது. அதே இருபது கிலோ பிள்ளைக்கு மணிக்குப் பத்திலிருந்து இருபது மில்லிலீட்டர் போனால் சரி. தேக்கரண்டியில் சொன்னால் இரண்டிலிருந்து நான்கு கரண்டி. பத்துக்குக் கீழே போனால் உள்ளே நீர் போதவில்லை என்று அர்த்தம். இருபதுக்கு மேலே போனால் சேலைன் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். நடுச்சாமத்தில் தூங்கும் பிள்ளையை எழுப்பி, “ஒண்ணுக்கு வருதா ராசா” என்று கேட்டு, கோப்பையைப் பிடித்து, லைட்டடியில் கொண்டுபோய்க் கோட்டைப் பார்த்து எழுதுகிறாளே, அவள் எழுதும் அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த மணிக்குரிய சேலைன் முடிவாகிறது.

வார்டில் இன்னொரு விதி தோட்டத்துப் பிள்ளைக்கு விசித்திரமாகத் தெரியும். சாயத்தண்ணி கொடுக்கக் கூடாது. சிவப்பு, மண்ணிறம், கறுப்பு நிறத்தில் எதுவுமே கூடாது: பீட்ரூட் இல்லை, சொக்லேட் இல்லை, கோலா இல்லை. வாந்தி எடுத்தால் அதில் இருப்பது இரத்தமா குடித்த சாயமா என்று குழம்பக்கூடாது என்பதே காரணம். பிறந்ததிலிருந்து காலையில் சாயத்தண்ணியும் ரொட்டியுமாக வளர்ந்த பிள்ளைக்குப் பாலும் வெள்ளைக் கஞ்சியும் இளநீரும் அலுத்துப்போகும். பசி எடுத்து “ரொட்டி வேணும்” என்று அடம்பிடிக்கத் தொடங்கினால் டொக்டரின் முகம் மலரும். கசிவு நின்று பிள்ளை தேறுகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

தாயின் கையில் தாளைக் கொடுக்கும் இந்த முறை சும்மா வந்துவிடவில்லை. 2009இல் இலங்கையில் 35,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, 346 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு ஒருவர் என்ற அந்த விகிதம் டொக்டர்களை உலுக்கியது. தாய்லாந்தில் நோய் அதிகம், சாவு குறைவு; அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்க்க, பாங்கொக்கின் ராணி சிரிகிட் தேசிய சிறுவர் சுகாதார நிறுவனத்துக்கு நம் டொக்டர்கள் போனார்கள். அங்கே சிரிபென் கலயாணரூஜ் என்ற பெண் மருத்துவரின் வழிகாட்டலில் கற்றுவந்ததை நாடெங்கும் பரப்பினார்கள். நீர்கொழும்பில் சிறுவர் நோய் நிபுணர் லக்குமார் பெர்னாண்டோ அதற்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். 2017இல் வரலாறு காணாத அளவில் ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு வந்தது. இறந்தவர்கள் நானூற்றுச் சொச்சம். நானூறு வீட்டு இழவு சின்னதல்ல. ஆனால் 2009இன் விகிதத்தில் போயிருந்தால் சாவு ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியிருக்கும். மருந்தே இல்லாத நோயில், கவனத்தாலும் கணக்காலும் மட்டும் இத்தனை உயிர் காத்திருக்கிறார்கள். அந்தக் கவனத்தில் பாதி கட்டிலோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சம்பளம் இல்லை, பேரேட்டில் பெயரும் இல்லை.

தாய் கூடவே இருப்பது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. உலகத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் அது போராடிப் பெற்ற உரிமை. இங்கிலாந்தில் 1950கள் வரை பிள்ளையை வார்டில் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் வெளியேற வேண்டும். பல இடங்களில் வாரத்துக்கு ஓரிரு தடவை சிறிது நேரம் பார்க்க விட்டால் அதிகம். அம்மாவைப் பார்த்தால் பிள்ளை அழும், கிருமி வரும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். 1952இல் ஜேம்ஸ் ரொபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், ஒரு சிறிய சத்திர சிகிச்சைக்காக எட்டு நாள் வார்டில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டினார். நாளுக்கு நாள் அந்த முகம் ஒடுங்கிப்போவதைப் பார்த்த மருத்துவர்கள் சிலருக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் 1959இல், இதை ஆராய அமைக்கப்பட்ட பிளாட் குழு, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும் சிறு பிள்ளைகளோடு தாய் தங்கவும் வழிசெய்ய வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அதைச் செயலுக்குக் கொண்டுவரத் தாய்மாரே சங்கம் அமைத்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கேட்க வேண்டியிருந்தது.

நம் வார்டுகளில் தாய் இருக்கிறாள், சந்தோஷம். அவளுக்கென்று என்ன இருக்கிறது என்று பார்த்தால் மனம் வாடும். ஒரு நாற்காலி, அதுவும் கிடைத்தால். பிள்ளையின் கால்மாட்டில் சுருண்டு ஒரு தூக்கம். வெளியிலிருந்து யாராவது கொண்டுவரும் சோத்துப் பார்சல்.

அதோடு அவள் கைவிட்டு வந்த வேலை. தோட்டத்தில் வேலைக்குப் போன நாளுக்குத்தான் சம்பளம். 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் அது உயர்த்தப்பட்டது. கொழுந்து குறைந்த நாளில் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான் விழும். வார்டில் இருக்கும் நாளுக்கு அதுவும் இல்லை. இலங்கையில் வைத்தியம் இலவசம், மருந்து இலவசம், கட்டில் இலவசம். இந்த நாடு பெருமைப்பட வேண்டிய விஷயம் அது, அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் பிள்ளை ஒரு வாரம் படுத்தால் தாயின் ஒரு வாரக் கூலி போகிறது. தகப்பன் பகலில் மலைக்குப் போய்விட்டு, பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு ஓட்டோ பிடித்து இறங்கினால் அந்தக் கூலியிலும் பாதி கரைகிறது. வார்டில் இல்லாத மருந்தோ, வெளியில் செய்யவேண்டிய பரிசோதனையோ வந்தால் காதுத்தோடு அடகுக்குப் போகிறது. வீட்டுத் தேவைக்காக ஒரு நாள் இரண்டு நாள் வேலைக்கு வராதவரையும், பிள்ளையின் சேலைனைக் காவல் காத்தவரையும் தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோல் ஒரே மாதிரித்தான் பதிகிறது. வைத்தியசாலை கொடுக்கும் ஒரு துண்டைக் காட்டினால் துணைக்கு நின்ற நாட்களுக்கு அரைச் சம்பளமாவது கிடைக்க வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தம் பேசிய தலைவர்கள் யாராவது மேசையில் வைத்திருக்கலாம். இனியாவது வைக்கட்டும்.

தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அந்த நாற்காலியில் அம்மாயி இருப்பார். குவைத்திலிருந்தோ சவுதியிலிருந்தோ மகள் வட்ஸ்அப்பில் அழுதுகொண்டு, “பிளேட்லட் எவ்வளவுன்னு கேளுங்கம்மா” என்பாள். அம்மாயிக்குக் கோப்பையின் கோடு தெரியாது, கண் மங்கல். பக்கத்துக் கட்டில் தாய்தான் அளந்து எழுதிக் கொடுப்பாள். பெரும்பாலும் அவள் சிங்களத் தாயாக இருப்பாள்.

மொழி என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வார்டுக்குள் அது வந்து சேர இன்னும் நாள் பிடிக்கிறது. எந்த ஒரு வைத்தியசாலையையும் சுட்டிச் சொல்லவில்லை. தென்னிலங்கையில் படித்துவிட்டு மலையகத்துக்கு மாற்றலாகி வரும் ஒரு இளம் டொக்டருக்குத் தமிழ் தெரியாதது அவர் குற்றமும் இல்லை. “தண்ணி எவ்வளவு”, “வலி எங்க” என்று நாலு சொல் கற்றுக்கொண்டு பிள்ளையின் தலையைத் தடவிப் பேசும் மிஸ்மாரை எத்தனையோ தாய்மார் கடவுளாக நினைக்கிறார்கள். ஆனால் அன்பால் மில்லிலீட்டர் கணக்கை விளக்க முடியாது. ‘இந்த அளவுக்கு மேல் கொடுக்காதே’ என்பதை ‘இந்த அளவாவது கொடு’ என்று ஒரு தாய் விளங்கிக்கொண்டால் என்ன ஆகும்? அந்தத் தாளைத் தமிழில் அச்சிட எத்தனை ரூபாய் ஆகும்? வார்டுக்கு ஒருவராவது இரு மொழியும் தெரிந்தவர் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்க வேண்டும். டெங்குக் கசிவு அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை.

டெங்கு ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடும். சில நோய்கள் பிள்ளையை வருடக்கணக்கில் ஆஸ்பத்திரியோடு கட்டிப்போடும். வெளுத்துப்போன முகம், விடாத காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் கன்றிய நீலத் திட்டுகள், அதே எஃப்.பி.சி. பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை தாறுமாறாக இருந்தால் டொக்டரின் குரல் மாறும். சிறுவர் புற்றுநோய்களில் அதிகம் வருவது இரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டு மூன்று வருடம் ஓடும். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள், வறிய நாடுகளில் முப்பதைக்கூட எட்டுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லி, 2030க்குள் எங்கும் அறுபதாவது ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தது. மருந்துப் பற்றாக்குறை மட்டுமல்ல இந்த இடைவெளிக்குக் காரணம். பாதியில் சிகிச்சையை விட்டுவிடும் குடும்பங்களும் காரணம். ஏன் விடுகிறார்கள் என்பதைப் பதுளை ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் புரியும்.

1924இல் பதுளைக்கு வந்த மலைநாட்டு ரயில் பாதை அங்கேயே முடிகிறது. கொழும்பு அங்கிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர். தண்டவாளம் அறுபடாத நாட்களில் இரவு மெயிலில் ஏறினால் மறுநாள் கொழும்புக் கோட்டை, அங்கிருந்து பஸ் பிடித்து மஹரகமவில் புற்றுநோய்க்கான அபேக்ஷா வைத்தியசாலை. வெளிநாட்டார் ஜன்னலோரம் நின்று படம் எடுக்கும் அதே பாதையில், தலைமுடி கொட்டிய பிள்ளைக்குத் தொப்பி போட்டு, முகத்துக்கு மாஸ்க் கட்டி, வாந்திக்கு ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு போகிற தாய்மார் உண்டு. பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்திருக்கும் நாட்களில்தான் அந்த நெரிசல் பயணம். திரும்பி வந்து காய்ச்சல் என்றால் மறுபடியும் ஓட வேண்டும். எனவே பலர் மஹரகமவைச் சுற்றி அறை தேடித் தங்குகிறார்கள். ஊரில் மற்றப் பிள்ளைகள் பாட்டியோடும் பக்கத்துக் காம்பராவோடும்.

1974இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இதே சிக்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். ஃபிரெட் ஹில் என்ற கால்பந்து வீரரின் மகளுக்கு இரத்தப் புற்றுநோய். அவரும் மனைவியும் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கியபோது சுற்றியிருந்த மற்றப் பெற்றோரையும் பார்த்தார்கள். மருத்துவர் ஓட்ரி எவன்ஸுடன் சேர்ந்து, தூரத்துக் குடும்பங்கள் தங்க ஒரு வீட்டைத் திறந்தார்கள். ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் என்ற பெயரில் அது பிறகு உலகெங்கும் பரவியது. நம் மஹரகமவிலும் இந்திரா புற்றுநோய் அறக்கட்டளையின் ‘சுவ அரண’ இல்லம் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் காசு வாங்காமல் தங்கவைத்துப் பராமரிக்கிறது. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே இப்படி ஓர் இடம் உண்டு என்று தமிழில் யாராவது சொன்னால் பாதி பாரம் இறங்கும். இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்பெல்லாம் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025இலிருந்து விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.

இத்தனைக்கும் நடுவே குடும்பங்கள் தாக்குப்பிடிப்பது லயத்தால்தான். தோட்டத்து வாழ்க்கையை அவலம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை வார்டில் என்றால் அடுத்த வீட்டில் உலை கொஞ்சம் பெரிதாக வைக்கப்படும். சின்னதுகள் யார் வீட்டிலோ சாப்பிட்டு யார் பாயிலோ தூங்கும். சீட்டுப் பிடிக்கும் அக்கா, ஏலத்தில் விழாத சீட்டை முதலில் இந்த வீட்டுக்குத் திருப்பிவிடுவாள். இரத்தம் வேண்டும் என்றால் வாலிபர் சங்கத்துப் பையன்கள் வேன் பிடித்து இறங்குவார்கள். கதிர்காமத்துக்கு நடந்து வருவதாகப் பாட்டி நேர்ந்துகொள்வாள். முருகன் இருப்பதும் இதே ஊவாவில்தானே. மந்திரித்த கயிறு பிள்ளையின் கையில் சேலைன் ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும். நல்ல மிஸ்மார் அதை அறுப்பதில்லை.

புலமைப்பரிசில் பரீட்சை வருடமாக இருந்தால் இன்னொரு கவலை. வார்டிலிருந்து திரும்பும் பிள்ளை பத்து நாள் பாடம் தவறவிட்டிருக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். டீச்சர் ஒருவர் பின்னேரத்தில் லயத்துக்கு ஏறி வந்து கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போனால் அந்த வீடு சாகும்வரை மறக்காது.

டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொல்லும் அறிவுரை எல்லா நோய்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: காற்றோட்டமான சுத்தமான அறை, புகை ஆகாது, ஒரே அறையில் நெருங்கிப் படுக்க வேண்டாம், சத்தான சாப்பாடு, நுளம்பு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை திரும்பிப் போவதோ பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு. விறகடுப்புப் புகை அதே கூரைக்குள் சுற்றும், ஐந்தாறு பேர் அதே தரையில் படுப்பார்கள். 2016இல் எடுத்த தேசிய ஆய்வில் நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்; தோட்டத்தில் மட்டும் எடுத்தால் 32 பேர். டெங்கில் நான்கு வகை வைரஸ் உண்டு. ஒரு வகை வந்து போன பிள்ளைக்கு மற்ற மூன்றும் இன்னும் வரலாம், இரண்டாம் முறை கசிவு கடுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியிருக்க லயத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தால் தகரம் காற்றில் பறக்காமல் இருக்கப் பழைய டயர்களும் கல்லும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் டயருக்குள் தண்ணீர். டெங்கு நுளம்பு முட்டையிட விரும்பும் இடமே அதுதான்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அந்த டயரைக் காட்டி எச்சரிப்பார். அது அவர் கடமை. டயரை இறக்கினால் கச்சான் காற்றில் கூரை போகும் என்பது அந்தத் தாய்க்குத் தெரியும். ஆணி அடித்துத் தகரத்தை இறுக்கலாம் என்றால் லயம் அவளுடையது இல்லை, மாற்றிக் கட்டத் தோட்டத்து அனுமதி வேண்டும். இந்திய உதவியில் முதலில் நாலாயிரமும் பிறகு பத்தாயிரமுமாக மலையகத்துக்கு வீடுகள் அறிவிக்கப்பட்டன, அவை ஒவ்வொரு தோட்டமாக வரட்டும். அதுவரைக்கும் இந்த மழைக்கு முன்னே, சிறுவர் வார்டிலிருந்து ஒரு பிள்ளை திரும்பி வந்த லயத்தின் கூரையையாவது தோட்ட நிர்வாகம் முதலில் ஆள் அனுப்பிச் சரிசெய்து கொடுக்க வேண்டும். அதற்கு வேண்டியது சில தகடு, ஒரு பெட்டி ஆணி, இரண்டு ஆளின் ஒரு நாள் பேர்.